உதவி கேட்டால் வருவாள்

குளிர் விட்டதும் விருந்தினருக்கு வாடகைக்கு விடும் எங்கள் மாடி அறையைக் கேட்டுத் தொலைபேசி அடிக்கத் தொடங்கும். நாயைக் கூட்டி வரலாமா, காலைச் சாப்பாடு உண்டா, வண்டியை எங்கே நிறுத்துவது என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். லயனல் தேக்கர் அவற்றில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

"உங்க வாசக்கதவு திறக்கும்போது சத்தம் போடுமா, மிஸஸ் ஹாலட்?" என்றார்.

கீல் பழையது, ஊரையே எழுப்பும், எண்ணெய் போட்டுவிடுகிறேன் என்றேன். வேண்டவே வேண்டாம், சத்தம் போட்டால்தான் நல்லது என்றார். பிறகு இருவரும் மழையைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு வைத்தோம்.

அடுத்த முறை அழைத்தபோது சந்தை நாள் எது என்று கேட்டார். வியாழன் என்றேன். யாராவது காசு கொடுக்காமல் ஓர் ஆப்பிளை எடுத்துக் கடித்துவிட்டால் கடைக்காரர்கள் சண்டைக்கு வருவார்களா என்று கேட்டார். மறுபடியும் மழையைப் பற்றிப் பேசி முடித்தோம்.

என் கணவர் க்ளெம் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து சிரித்தார். "திருடனா இருப்பான், மேவிஸ். ஆனா கதவு சத்தம் போடணும்னு ஆசப்படற திருடன இப்பத்தான் கேள்விப்படறேன்."

ஏன் கேட்கிறார் என்று விசாரிக்கட்டுமா என்றேன். அது அவர் சொந்த விஷயம் என்றார் க்ளெம். ஹாக்ஸ்லோ ஊரில் நாங்கள் அப்படித்தான். அடுத்த வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்பது வரை தெரியும். முகத்துக்கு நேராக மட்டும் எதையும் கேட்கமாட்டோம். ஆனால் உருளைக்கிழங்கு உரிக்கும்போதும் அந்தக் கதவும் ஆப்பிளும்தான் என் மனதில் ஓடின. கோயிலில் பிரசங்கத்தின்போதும் ஓடியதற்காக ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

மூன்றாம் முறை அவர் ஆற்றைப் பற்றிக் கேட்டார். கொஞ்சம் தள்ளி இருக்கிறது என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது. பொய் சொல்லி ஆள் பிடிக்க வேண்டாம் என்று உண்மையைச் சொன்னேன். ஆறு எங்கள் சந்து முடியும் இடத்தில் இருக்கிறது. கரையில் வேலி கிடையாது.

"அழகா இருக்கும்போல. ஆனா எங்களுக்கு ஒத்துவராது. உங்களுக்கு ரொம்ப சிரமம் குடுத்துட்டேன்," என்றார்.

வைத்துவிடப் போகிறார் என்று தெரிந்ததும் ஊர் வழக்கத்தை விட்டேன். "மிஸ்டர் தேக்கர், இதெல்லாம் யாருக்காகக் கேக்கறீங்க?"

அவர் மனைவி ஓரியலுக்காக. வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனித்த நர்ஸ் அவர். இப்போது நினைவு தவறிவருகிறது. தனியாகக் கிளம்பிவிடுகிறார், திரும்பும் வழி தெரிவதில்லை. போன கோடையில் ஒரு கடற்கரை விடுதியில் தங்கினார்கள். மற்ற விருந்தினர்களுக்குத் தொந்தரவு என்று மறுநாளே அனுப்பிவிட்டார்களாம். அதிலிருந்து வீட்டுக் கதவு பூட்டியே கிடக்கிறது.

"ஜன்னல் பக்கத்துல உக்காந்துகிட்டு, எப்ப வெளிய போகலாம்னு கேக்கறா. ஒரு வாரமாவது பூட்டாம இருக்கலாமேன்னு பாத்தேன்," என்றார்.

ஆற்றுப் பக்கம் போனால் யாராவது திருப்பி அனுப்ப முடியாதா என்று கேட்டேன். வழி தெரியவில்லையா என்று கேட்டாலே அவருக்குக் கோபம் வந்துவிடும், கையைப் பிடித்தால் உதறிவிடுவார் என்றார். சற்று யோசித்து, "உதவின்னு கேட்டா மட்டும் எங்க வேணாலும் வருவா. அது இன்னும் போகல," என்றார்.

கடைக்காரர்களிடம் சொல்லலாமா என்று அனுமதி கேட்டேன். தயங்கித் தயங்கிச் சம்மதித்தார்.

அந்த வியாழன் கூடையோடு போய் ஒவ்வொருவரிடமும் சொன்னேன். சந்து முனையில் கசாப்புக்கடை வைத்திருக்கும் ப்ராஸர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். ஊரில் எல்லோரும் அவருக்குக் கண்ணுதான். "என்கிட்ட விடு, கண்ணு," என்றார். சொந்த விஷயம் என்று சொன்ன க்ளெம் எண்ணெய்க் குப்பியை எடுத்துத் தோட்டத்துக் கொட்டகையில் ஒளித்து வைத்தார்.

ஜூன் மாதம் வந்தார்கள். முதல் நாள் காலையிலேயே கதவு கிறீச்சிட்டது. லயனல் கடித்த ரொட்டியோடு எழுந்தார். உட்காருங்கள் என்றேன். உட்கார்ந்தார்; மெல்லவில்லை. திறந்திருந்த ஜன்னல் வழியாகப் பார்த்தோம். ஓரியல் சாம்பல் நிறக் கோட்டு அணிந்து, வேலைக்குப் போகிறவர்போல விறுவிறுவென்று ஆற்றை நோக்கி நடந்தார்.

ப்ராஸர் கடையிலிருந்து வெளியே வந்தார். "கண்ணு, ஒரு உதவி பண்றியா? கடைய விட்டு நகர முடியல. இந்த சாசேஜ மிஸஸ் ஹாலட் வீட்ல குடுத்துடணும். அதோ, பச்சக் கதவு."

ஓரியல் ஆற்றைப் பார்த்தார். பொட்டலத்தைப் பார்த்தார். பிறகு அதை வாங்கிக்கொண்டு திரும்பினார்.

"பாவம் அந்த மனுஷன், ஆள் இல்லாம தவிக்கறார்," என்று சொல்லி என் கையில் கொடுத்தார். லயனல் அப்போதுதான் ரொட்டியை மென்றார்.

அன்றிலிருந்து என் சமையலறைக்கு வந்து சேர்ந்தவற்றுக்கு அளவில்லை. பாலாடைக்கட்டி, வெங்காயத்தாள், நான் கேட்காத நூலகப் புத்தகம், செருப்புத் தைப்பவரிடம் கிடந்த க்ளெமின் ஒற்றைக் காலணி. சந்தையில் ஓரியல் ஆப்பிளைக் கடித்தபோது, புளிக்கிறதா என்று சொல்லுங்கள் என்றாள் கடைக்காரி. ஞாயிறன்று போதகர் பாட்டுப் புத்தகங்களைக் கொடுக்கும் வேலையை அவரிடம் விட்டார். இன்னொரு சாசேஜ் தின்றால் நானே குரைக்கத் தொடங்கிவிடுவேன் என்றார் க்ளெம். லயனல் மத்தியான வேளைகளில் தோட்டத்து நாற்காலியில் வாய் திறந்து தூங்கினார். நான் போர்வை போர்த்திவிடுவேன்.

ஓரியலுக்கு எதுவும் குணமாகிவிடவில்லை. தினமும் என்னை ஒரு புதுப் பெயரால் அழைத்தார். ஆனாலும் கதவு கிறீச்சிடும், போவார், கையில் ஏதோ ஒன்றோடு வருவார். அந்த ஒரு வாரத்துக்காக நான் இன்றும் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன்.

கிளம்பும் நாளில் ஓரியல் வாசலில் நின்று கையுறை போட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார்: "உங்க ஊர்ல யாருக்குமே எதுவும் தானா செய்யத் தெரியல. நான் வர்றதுக்கு முன்னாடி எப்படித்தான் சமாளிச்சீங்களோ."

"கஷ்டந்தான்," என்றேன்.

அவர் கணவரிடம் திரும்பினார். "அடுத்த வருஷமும் வந்தாகணும். இவங்கள இப்படியே விட்டுட முடியாது."

லயனல் பெட்டியை வண்டியில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கதவுக்கு மட்டும் எண்ணெய் போட்டுடாதீங்க, மிஸஸ் ஹாலட்."