பெட்டி வாங்க வருகிறவர்கள்

பெனாசிர் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசித்தாள். "சிறுபிராயம் முதலே இதழியலின்பால் தணியாத வேட்கை கொண்ட யான்..."

"யாரு வீட்டுப் புள்ள இது?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள் ஹாஜிரா.

"காசிவிஸ்வநாதன் சார் எழுதிக் குடுத்தாரும்மா. டுட்டோரியல்ல எல்லாருக்கும் அவருதான் எழுதுறாரு."

பத்திரிகைப் படிப்புக்கு ஏன் வர விரும்புகிறாய் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தது சென்னைக் கல்லூரி. தமிழிலும் எழுதலாம். அந்தப் பக்கம் பிடித்தால்தான் நேரில் கூப்பிடுவார்கள்.

அத்தா மீரான் சாகிபு கல்லுக்கட்டிக் கடைத்தெருவில் பயணப் பெட்டியும் குடையும் விற்கிறவர். வாங்குகிற ஆளா, விலை விசாரித்துவிட்டுப் போகிற ஆளா என்று பேச்சை வைத்தே சொல்லிவிடுவார். இந்தப் பக்கத்துக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று அவருக்குத் தோன்றியது. கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. மகன் அன்வர் அரபு நாட்டு வேலைக்கென்று தம்மாமுக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. இவளும் போய்விட்டால் வீடு என்னத்துக்கு?

"நல்லாத்தான் இருக்கு" என்றார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து சாப்பிட்டதும் அன்வருக்குக் கேசட்டில் பேசி வைப்பார்கள். அந்தப் பக்கம் போகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்புவார்கள். முருங்கை மரம் சாய்ந்தது வரை ஹாஜிரா சொல்லி முடித்தாள். டேப் ரெக்கார்டரைப் பெனாசிர் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அண்ணே, எதுக்கு அம்புட்டுத் தூரம் போயிப் படிக்கணும்னு கேட்டியே. நம்ம கடைக்கு வாரவுக வெல கேக்குறதுக்கு முந்தியே எங்க போறோம்னு சொல்லிருவாகல்ல? கொத்தமங்கலத்துல இருந்து ஒரு அக்கா வந்தாக. வீட்டுக்காரரு மலேசியாவுல இருந்து வரவே இல்லையாம். நானே போயிக் கூட்டியாறேன்னு செவப்புப் பெட்டி ஒண்ண வாங்கிட்டுப் போனாக. கூட்டியாந்தாகளா, தெரியல. போனவுக ஒருத்தரும் திரும்பி வந்து சொல்றதே இல்லண்ணே. எனக்கு அதத் தெரிஞ்சுக்கணும். போயிக் கேட்டு எழுதணும். அத்தாகிட்டச் சொன்னா, வித்தமா, கல்லாவுல போட்டமான்னு இருங்குறாக."

ஹாஜிரா சிரித்தாள். மீரான் சாகிபுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண்ணை அவருக்கு நினைவிருந்தது. பூட்டைத் திறந்து திறந்து பார்த்தாள். அவள் என்ன ஆனாள் என்று அவர் ஒரு நாளும் நினைத்ததில்லை.

கல்லூரிக்காரர்கள் இதைக் கேட்டால் கூப்பிட்டுவிடுவார்கள். அதுவும் அவருக்குத் தெரிந்தது. பேச்சு முடிந்தும் நாடா சும்மா ஓடிக்கொண்டிருந்தது. மெதுவாக எட்டி நிறுத்தினார்.

"சார் எழுதுனது வேணாம்மா. இப்பப் பேசுனியே, அத எழுது."

"கடப் பேச்சையா? சிரிப்பாக அத்தா."

"நம்ம கடையில சிரிச்ச ஆளு வெறுங்கையோட போனதில்ல."

"நீங்க சொன்ன கல்லாப் பேச்சையும் எழுதவா?"

"அதையும்தான் எழுது."

அவர் நாடாவைப் பின்னால் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக ஓடவிட்டார். அவள் எழுதினாள். நடுவில் எட்டிப் பார்த்தவர், "'வருகை புரிவர்'னு நீ எப்பச் சொன்ன?" என்றார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு அந்தச் சொல்லை அடித்தாள்.

நேர்முகம் முடிந்து, இடம் கிடைத்த கடிதம் வந்த அன்று அவர் கடையின் மேல்தட்டிலிருந்து நீலப் பெட்டி ஒன்றை இறக்கித் தூசி துடைத்தார். பெனாசிர் வாடிக்கைக்காரி மாதிரி எதிரே வந்து நின்றாள்.

"நான் சென்னைக்குப் போறேன்" என்றாள்.

மீரான் சாகிபு பூட்டை ஒரு தடவை திறந்து மூடிப் பார்த்தார்.

"திரும்பி வந்து சொல்லணும்" என்றார்.