வாசல் தெரிந்த மாடுகள்

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை மாடுகளிடமிருந்து வந்தது. டான் நதிக்கரையில், எங்கள் தெருவில், மாலையில் மந்தை திரும்பும்போது ஒவ்வொரு மாடும் தன் வாசலில் தானாகப் பிரிந்து உள்ளே போகும். ரஷ்ய உள்நாட்டுப் போரிலும் மாடுகள் இப்படித்தானே போயிருக்கும் என்று நினைத்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

2
முதல் வரி: "1919 கோடையில் கோசாக் குதிரைவீரர்கள் இடியென..."

(வேண்டாம். இடியெல்லாம் இல்லை. பிடித்த மாட்டு மந்தைக்குக் காவலிருந்த செம்படையினர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். குதிரைகளைக் கண்டதும் கிண்ணங்களைப் போட்டுவிட்டு ஓடினார்கள். மந்தை கைக்கு வந்தது.)

3
அவ்தேய் அந்தக் குதிரைவீரர்களில் ஒருவன். செம்படையை எதிர்த்த அவர்களுடைய வெண்படை பட்டினி கிடந்தது, மந்தை அதற்கான கறி. குறுக்கு வழி என்று மந்தையைத் தன் ஊர்த் தெரு வழியாக, பொழுது சாயும் நேரத்தில், ஓட்டச் சொன்னவன் அவன்.

[இவ்வளவு மறதியா? வேண்டுமென்றே செய்தானோ? எழுதுகிற எனக்கே தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது.]

செம்படை அந்த மாடுகளைப் பிடித்ததே அவன் ஊர்த் தொழுவங்களில்தான். முதல் வாசலில் ஒன்று திரும்பியது. பிறகு எல்லாம் திரும்பின. சாட்டைக்கு எதுவும் அடங்கவில்லை. பெண்கள் கதவைத் தாழிட்டார்கள்.

படைத் தலைவர் அவ்தேய் பக்கத்தில் குதிரையை நிறுத்தினார். "என்னடா, எதிரி மாடு உங்க வீட்டுக்குள்ள போகுது?"

"எதிரி மாடு இல்லீங்க, எங்க மாடு."

"நேத்து எவன்கிட்ட இருந்துச்சு?"

"அவங்ககிட்ட."

"அப்ப எதிரி மாடுதான். முதல்ல உன் வீட்டுக் கதவத் தட்டு."

4
உள்ளே அவன் மனைவி உஸ்தீனியா. "யாரு?"

"நான்தான்."

"புருஷனா, படையா?"

"ரெண்டும்தான். கதவத் திற."

"செம்படைக்காரனும் கதவத் திறன்னுதான் சொன்னான். கைப்பிள்ளைக்கு அழக்கூடத் தெம்பில்ல. இப்பத்தான் கறக்க உக்காந்தேன். புருஷனா வர்றப்ப வா."

5
ஒரு முடிவில் அவன் கதவை உடைக்கிறான். இன்னொன்றில் தலைவரைச் சு... (அந்த வரியை அடித்துவிட்டேன்.)

மூன்றாவது முடிவு. கோசாக்குக்குப் படை குதிரை கொடுப்பதில்லை, அவன்தான் வீட்டிலிருந்து கொண்டுவருவான். அவ்தேய் இறங்கிச் சேணத்தைக் கழற்றி, கடிவாளத்தைத் தலைவரிடம் நீட்டுகிறான்.

"மாட்டுக்குப் பதிலா இத வெட்டிக்குங்க. இது என்னோடது. யார்கிட்டயும் பிடிச்சதில்ல."

"குதிரை இல்லாம நீ என்னடா கோசாக்?"

அவன் நீட்டிய கையை மடக்கவில்லை. 

கடிவாளத்தைத் தலைவர் வாங்கலாமா? நீங்களே சொல்லுங்கள். ஆனால் படை பட்டினி கிடந்ததை மறந்துவிட்டுச் சொல்லாதீர்கள். நான் அதை மறந்து ஒருமுறை எழுதிப் பார்த்தேன். எல்லோரும் நல்லவர்களாக இருந்தார்கள், ஒருவரையும் நம்ப முடியவில்லை.