முஹ்வேசி கேட்ட கேள்வி

உகாண்டாவில் எங்கள் ம்பராரா ஊரில் கணினிப் புரோகிராம் போட்டியையும் ஜெபத்தோடுதான் தொடங்குவோம். அன்று இறுதிச் சுற்று. நான் நடுவர், விதித்தாளை எழுதியவனும் நானே.

ஆட்டம் எளிது. இருபதுக்கு இருபது கட்டம். இரண்டு புரோகிராம்கள் மாறி மாறிக் கட்டங்களைப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நடுவர் கணினி ஆட்டத்தின் நிலையை அனுப்பும். புரோகிராம் தரும் பதிலில் இரண்டே எண்கள் இருக்க வேண்டும்: எத்தனையாவது வரிசை, அதில் எத்தனையாவது கட்டம். ஒரு சொல் கூடினாலும் தோல்வி. ஒரு நொடிக்குள் பதில் வராவிட்டாலும் தோல்வி.

இறுதிக்கு வந்திருந்த கெமிரெம்பேவுக்குக் கல்லூரியில் இது கடைசி ஆண்டு. வென்றால் ருவாண்டாவின் கிகாலியில் நடக்கும் பெரிய போட்டிக்குப் போகலாம். தோற்றால் இனி வாய்ப்பே இல்லை. வெள்ளோட்டத்தில், முடிவுப் பலகையில் அவள் பெயருக்கு நேரே 'பதில் இல்லை' என்று விழுந்தது. மறுபடி ஓட்டினாள். மறுபடியும் அதுவே.

"சார், நானே டைப் பண்ணிக் கொடுத்தா டக்குன்னு பதில் சொல்லுது. இங்க மட்டும் ஊமையாயிடுது."

எனக்குக் காரணம் தெரிந்தது. நேரே டைப் செய்யும்போது பதில் தானாகத் திரைக்கு வந்துவிடும்; நடுவர் கணினியோடு பேசும்போதோ அவள் புரோகிராம் பதிலை எழுதிவிட்டுத் தன்னிடமே வைத்துக்கொண்டிருந்தது. எழுதியதும் அதை வெளியே தள்ளும்படி தனியாக ஒரு கட்டளை கொடுக்க வேண்டும். எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று அந்த வரியை விதித்தாளில் நான் சேர்க்கவில்லை. ஆனால் நடுவர் தானாக வாய் திறக்கக் கூடாது. எழுதிக் கேட்டால் மட்டும், கேள்வியையும் பதிலையும் எல்லாருக்கும் வாசிக்கலாம்.

"கேள்வியா எழுதிக் குடும்மா."

"என்ன கேக்கணும்னே தெரியலையே சார்."

எதிர் மேசையில், அவளோடு மோதவிருந்த நட்டுகுண்டா தன் கூட்டாளி முஹ்வேசியைத் தட்டினான். "டேய், அவ புரோகிராம் வாயே திறக்கல. கிகாலிக்குப் பெட்டியக் கட்டு!"

முஹ்வேசி பலகையைப் பார்த்தான். பிறகு ஒரு சீட்டில் ஏதோ எழுதிக்கொண்டு என்னிடம் வந்தான். 'பதிலை எழுதினால் போதுமா, உடனே வெளியே தள்ளவும் வேண்டுமா?'

அவன் புரோகிராம் காலையிலிருந்து அதைத்தான் பிசகாமல் செய்துகொண்டிருந்தது.

"இது உனக்குத் தெரியாதாப்பா?"

"விதித்தாள்ல இல்லையே ஐயா. கொஞ்சம் சத்தமாவே படிங்க."

படித்தேன். 'வெளியே தள்ளவும் வேண்டும்' என்ற பதிலையும் சேர்த்துச் சொன்னேன். கெமிரெம்பே சட்டென்று நிமிர்ந்தாள். மறுகணம் அவள் விரல்கள் விசைப்பலகையில் ஓடின.

"லூசாடா நீ?" என்று நட்டுகுண்டா பல்லைக் கடித்தான்.

"பேசவே பேசாத ஒண்ணை ஜெயிச்சுட்டு அங்க போய் என்னன்னு சொல்லிக்கிறது? ஒக்காருடா."

ஐந்து ஆட்டங்கள். மூன்றில் கெமிரெம்பே வென்றாள். கடைசி ஆட்டத்தை இரண்டே கட்ட வித்தியாசத்தில் பிடித்தாள்.

இத்தனை ஆண்டுகளில் கெட்டிக்காரப் பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். அப்படி ஒரு கேள்வியைக் கேட்கிற நெஞ்சைக் கர்த்தர் சிலருக்குத்தான் கொடுக்கிறார்.

கெமிரெம்பே நேரே அவன் மேசைக்குப் போனாள். "உனக்குத் தெரியும்தானே? எதுக்குக் கேட்ட?"

"அதை விடு," என்று நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டான் முஹ்வேசி. "அந்தக் கீழ் மூலையை எப்படிப் புடிச்ச? அதைக் காட்டு முதல்ல."

நட்டுகுண்டா முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனான். திரும்பி வந்தபோது, முட்டை வைத்துச் சுருட்டிய சூடான சப்பாத்தி மூன்று அவன் கையில் இருந்தன.