அவுக பேருக்கே போடுங்க

பொன்னுத்தாயியின் கரகாட்டத்தில் சேவுகனுக்கு இருந்த வேலை படுத்திருப்பது.

ஆட்டம் சூடு பிடித்ததும் அவன் தோள் துண்டைத் தரையில் விரித்து மல்லாந்து படுப்பான். தவில்காரர் அவன் வயிற்றின் மேல் ஒரு வெள்ளரிக்காயை வைத்துவிட்டு விலகுவார். கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு, தலையில் கரகத்தோடு பொன்னுத்தாயி அவனைச் சுற்றிச் சுற்றி ஆடுவாள். கையில் வாள் இருக்கும். ஒரு கட்டத்தில் மேளம் சட்டென்று நிற்கும். வாள் இறங்கும். காய் இரண்டு துண்டாக இரு பக்கமும் உருளும். சேவுகன் எழுந்து நின்று வயிற்றைக் காட்டுவான். ஒரு கீறல் இருக்காது.

இதில் கூட்டத்துக்குத் தெரியாத ஒன்று இருந்தது. சுற்றி வரும்போது அவளுடைய இடது காலின் பெருவிரல் அவன் இடுப்பை ஒரு தடவை தொடும். தொட்டதும் அவன் மூச்சை முழுக்க வெளியே விட்டு, வயிற்றை உள்ளே வாங்கி, அப்படியே கிடப்பான். அந்த மூச்சு அவள் காதில் விழும். அதற்குப் பிறகுதான் வாளை ஓங்குவாள்.

சிங்கம்புணரிப் பக்கத்தில் நிலபுலம் உள்ள வீட்டுப் பிள்ளை அவன். ஆட்டக்காரியைக் கட்டிக்கொண்டதற்காக வீட்டில் யாரும் அவனோடு பேசுவதில்லை. கல்யாணத்துக்கு முன்பு, அவள் வாளுக்கு அடியில் முன்னே படுத்துக்கொண்டிருந்த ஆள் பயந்து ஊரைவிட்டே போய்விட்டிருந்தான். சேவுகன் வந்து, நான் படுக்கிறேன் என்றான். ஆடத் தெரியுமா, மேளம் தெரியுமா என்று கேட்டாள். எதுவும் தெரியாது என்றான். அசையாமல் இருக்கத் தெரியுமா என்று கேட்டாள். அது தெரியும் என்றான். அவர்களுடைய பெண் பார்க்கும் படலம் அவ்வளவுதான்.

கரகாட்டச் செட்டில் நாயனம் வாசிப்பவர் குழந்தைவேலு. அவர்தான் தலைவர். ஊர் ஊராக நிகழ்ச்சி பேசுகிறவரும் அவரே. சேவுகனை, படுத்தே சம்பாதிக்கிற ஆளு என்று எல்லோரிடமும் அறிமுகப்படுத்துவார். சேவுகனும் சிரிப்பான். நோட்டீசுகளில் 'சிங்கம்புணரி பொன்னுத்தாயி குழுவினர்' என்று இருக்கும். சிலவற்றில் குழந்தைவேலு பேரும் இருக்கும். சேவுகன் பேர் எதிலும் வந்ததில்லை. அவன் அதைப் பற்றிப் பேசியதுமில்லை. ஆனால் புது நோட்டீஸ் வந்தால் வாங்கி ஒருமுறை முழுக்கப் படித்துவிட்டு மடித்து வைப்பதை அவள் கவனித்திருந்தாள்.

அறுபத்தெட்டில், கொஞ்ச தூரத்தில் ஒரு ஊர்த் திருவிழாவில் இரண்டு தரப்புக்குள் வெட்டுக்குத்து ஆனது. வாளும் வேல்கம்பும் புழங்கின. அதன்பின் அந்தச் சுற்றுவட்டாரத்துக்கு ஒரு உத்தரவு வந்தது. துப்பாக்கிக்கு வேண்டியிருப்பது போல இனி வாளுக்கும் ஈட்டிக்கும் லைசென்ஸ் வேண்டும். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் வைத்திருக்கும் அரிவாள், கத்திகளுக்கு விலக்கு. தண்டோரா போட்டுச் சொன்னார்கள். வாள் வைத்திருந்தவர்கள் ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சேவுகனும் பழைய சேலையில் சுற்றிய வாளைக் கொடுத்துவிட்டு ஒரு சீட்டு வாங்கி வந்தான்.

அரிவாளை வைத்து ஆடினால் என்ன என்று குழந்தைவேலு அங்கிருந்த ஏட்டு செம்மலையிடம் கேட்டாராம். அரிவாள் விவசாயத்துக்குத்தானே என்று அவர் சொல்ல, "வெள்ளரிக்காயும் விவசாயந்தானய்யா" என்றாராம் இவர். ஏட்டு சிரித்துவிட்டார். ஆனால் சம்மதிக்கவில்லை.

அந்தப் பங்குனியில் மர வாளுக்கு வெள்ளித்தாள் ஒட்டி ஓரிடத்தில் ஆடிப் பார்த்தார்கள். காய் வெட்டுப்படாமல் அவன் வயிற்றிலேயே நசுங்கியது. பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். சேவுகன் எழுந்து நின்று வழக்கம்போல வயிற்றைக் காட்டினான். பிறகு கோவில் கிணற்றடியில் போய் வெகுநேரம் குனிந்தே உட்கார்ந்திருந்தான். அன்றோடு பொன்னுத்தாயி அந்த வாளாட்டத்தை நிறுத்திவிட்டாள்.

படுக்க வேண்டியதில்லை என்றதும் அவனுக்கு வேலையில்லை. கொஞ்ச நாள் கரகத்தையும் சலங்கைப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு கூடவே போனான். அழைத்த ஊர்களில், இந்த ஆள் எதற்கு என்று கேட்டார்கள். குழந்தைவேலு நேராகச் சொல்லவில்லை. பெட்டியைத் தவில்காரர் மகனே தூக்கிக்கொள்வான் என்று மட்டும் சொன்னார். சேவுகன் புரிந்துகொண்டான். மாசி தொடங்கி ஆடி வரை அவள் ஊர் ஊராகப் போவாள். அவன் சிங்கம்புணரியில் கதவைச் சாத்திக்கொண்டு தனக்குத் தானே உலை வைப்பான். பேச வீடும் இல்லை, உறவும் இல்லை. அவள் இல்லாத நாட்களில் அவன் யாரோடும் ஒரு வார்த்தை பேசாமலே பொழுதைக் கழித்தான் என்று பக்கத்து வீட்டுக்காரி வந்து சொன்னாள்.

அவள் திரும்பி வரும் நாளில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிற்பான். முதலில் பெட்டியை வாங்குவான். பிறகுதான் முகத்தைப் பார்ப்பான்.

"மெலிஞ்சு போனீக" என்றாள் ஒரு தடவை.

"படுத்துக் கிடந்தப்ப ஒடம்பு இருந்துச்சு. இப்ப எந்திரிச்சு நடமாடுறேன்ல, எளைச்சிருச்சு" என்றான்.

அவள் சிரிக்கவில்லை. மறுநாளே லைசென்ஸ் கேட்டு மனுப் போட வேண்டும் என்று கிளம்பினாள்.

அவள் ஆட்டத்தை விரும்பிப் பார்ப்பவர் காரைக்குடியில் பெத்தாச்சி செட்டியார். பர்மாவில் இருந்து வந்தவர், ஆங்கிலத்தில் மனு எழுதக்கூடியவர். இருவரும் போய் நின்றார்கள். அவர் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு விவரம் எல்லாம் கேட்டார். வாளின் நீளம், எதற்குப் பயன்படுவது, எத்தனை காலமாக இருக்கிறது. கடைசியில், லைசென்ஸ் யார் பேருக்கு என்றார்.

சேவுகன் அவளைப் பார்த்தான். வாள் அவளுடையது. அவள் அம்மா ஆடிய வாள் அது. அவள் பேரைச் சொல்ல அவன் வாயைத் திறந்தான்.

"அவுக பேருக்கே போடுங்க" என்றாள் பொன்னுத்தாயி.

புருஷன் பேரில் இருப்பதுதானே முறை என்று செட்டியார் நினைத்திருப்பார். மேற்கொண்டு கேட்கவில்லை. எழுதிவிட்டுப் படித்துக் காட்டினார். ஆங்கிலத்தில் இருவருக்கும் புரிந்தது அந்தப் பேர் மட்டும்தான். அது வந்தபோது சேவுகன் தரையைப் பார்த்தான்.

இராமநாதபுரம் ஜில்லாவின் கலெக்டர் ஆபீஸ் அப்போது மதுரையில் இருந்தது. மனு அங்கே போய், விசாரணைக்கு ஸ்டேஷனுக்குத் திரும்பி, மறுபடி போய், அடுத்த வருஷம் சித்திரை கழிந்த பிறகு லைசென்ஸ் வந்தது. வாளைத் திருப்பித் தந்தார்கள். சேவுகன் அதைத் துடைத்து எண்ணெய் போட்டான். லைசென்ஸைத் தகர உறையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டான்.

முதல் நிகழ்ச்சி அமராவதிபுதூர்ப் பக்கம் ஒரு அம்மன் கோவிலில். விழாக் கமிட்டித் தலைவர் ஏகப்பன், இந்த வருஷம் வாளாட்டம் உண்டு என்று நோட்டீஸே அடித்திருந்தார். பக்கத்து ஊர்களில் இருந்து வண்டி கட்டிக்கொண்டு ஜனம் வந்தது. முளைப்பாரி ஊர்வலம் கோவிலுக்கு வந்து சேர்ந்ததும் பொழுது சாயும் முன்பு ஆட்டம்.

பந்தோபஸ்துக்கு வந்திருந்தவர் அதே ஏட்டு செம்மலை. வாளைக் கண்டதும் லைசென்ஸைக் கேட்டார். சேவுகன் தகர உறையைத் திறந்து நீட்டினான். ஏட்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். பிறகு காலில் சலங்கை கட்டிக்கொண்டிருந்த பொன்னுத்தாயியைப் பார்த்தார்.

"ஆடப்போறது யாரு?"

"அவ தான் ஏட்டையா."

"இதுல உன் பேருதான இருக்கு. இந்த ஆளு வச்சிருக்கலாம், இந்த ஆளு கொண்டு போகலாம்னு போட்டிருக்கு. அந்தம்மா கையில வாள் போனா அவுகளுக்கு லைசென்ஸ் இல்ல. கொடுத்த குத்தம் உனக்கு, பிடிச்ச குத்தம் அவுகளுக்கு."

அவர் அதைக் கடுமையாகச் சொல்லவில்லை. அந்தத் திருவிழா வெட்டுக்குத்துக்குப் பிறகு மேலே இருந்து தினமும் கேட்கிறார்கள், இன்றைக்கு இன்ஸ்பெக்டரும் வருகிறார், என்னால் கண்ணை மூடிக்கொள்ள முடியாது என்று விளக்கினார். பேர் மாற்ற மனுப் போடலாம், கிடைத்துவிடும், ஆனால் நாளாகும் என்றார்.

ஏகப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்படியானால் அந்த ஆளையே வெட்டச் சொல்லுங்கள், அந்தம்மா படுக்கட்டும் என்றார்.

"எனக்கு ஆடத் தெரியாதுய்யா" என்றான் சேவுகன்.

"ஆட வேணாம். வெட்டுனாப் போதும்."

சேவுகன் அவரைப் பார்த்த பார்வையில் ஏகப்பன் அந்தப் பேச்சை விட்டார். குழந்தைவேலு ஓரமாக வந்து, வாள் இல்லாமலே ஆடி முடித்துவிடுவோம், போன வருஷம் ஆடவில்லையா என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அவர் சொன்னதற்கு என்ன பொருள் என்று புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் தெரியும். இன்றைக்கு வாள் இல்லாமல் ஆடினால், இனி எல்லா ஊருக்கும் அப்படியே பேசிவிடுவார்கள். சேவுகன் வீட்டுக்குப் போய் உலை வைக்க வேண்டியதுதான்.

பொன்னுத்தாயி சலங்கையைக் கட்டி முடித்தாள். எழுந்து ஏட்டிடம் வந்தாள்.

"வாள் அவுக கையில இருந்தாக் குத்தமில்லையே?"

"இல்லம்மா."

"நின்னுக்கிட்டுப் பிடிச்சாலும், படுத்துக்கிட்டுப் பிடிச்சாலும்?"

ஏட்டு காகிதத்தில் மறுபடி விரலை ஓட்டினார். படுக்கக் கூடாது என்று லைசென்ஸில் ஒன்றும் போடவில்லை என்றார்.

அவள் சேவுகனைக் கோவில் மதிலோரம் கூட்டிப் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னாள். அவன் முதலில் முடியாது என்றான். அவள் மறுபடியும் சொன்னாள்.

மேளம் ஏறியது. சேவுகன் துண்டை விரித்துப் படுத்தான். வாளை நெஞ்சுக்கு மேல் குறுக்காக, கூர் விளிம்பு வானத்தைப் பார்க்கப் பிடித்தான். ஒரு கையில் பிடி, துணி சுற்றிய மறு கையில் நுனி. பொன்னுத்தாயி கண்ணைக் கட்டிக்கொண்டாள். வெள்ளரிக்காயை அவன் வயிற்றில் வைக்கவில்லை. அவளே எடுத்து, இரு முனைகளையும் இரண்டு கைகளால் பிடித்துக்கொண்டு ஆடத் தொடங்கினாள்.

கூட்டத்துக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சத்தம் அடங்கிவிட்டது. அவள் குனிந்து, தலையில் கரகம் கவிழாமல், அந்தக் காயை வாளின் கூரில் இறக்கப் போகிறாள். காய்க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அவள் விரல்கள். வாள் ஒரு விரற்கடை நகர்ந்தால் போதும்.

சேவுகன் பிடியை இறுக்கினான். இத்தனை வருஷம் தன் வயிற்றுக்கு மேல் வாள் ஓங்கியபோது அவனுக்கு நெஞ்சு ஒருநாளும் இப்படி அடித்துக்கொண்டதில்லை. அவள் சுற்றி வந்தாள். சலங்கை அவன் தலைமாட்டில் ஒலித்தது, கால்மாட்டில் ஒலித்தது. எழுந்துவிடலாமா என்றிருந்தது.

அப்போது அவளுடைய பெருவிரல் அவன் இடுப்பைத் தொட்டது.

அவன் மூச்சை முழுக்க வெளியே விட்டான். கை, தோள், வாள் எல்லாம் ஒன்றாக நின்றன. மேளம் நின்றது. அவள் முழங்காலை மடித்து, முதுகு வளையாமல் இறங்கி, காயை வாளில் அழுத்தினாள்.

இரண்டு கையிலும் ஒவ்வொரு துண்டோடு அவள் எழுந்தபோது கரகத்தின் உச்சியில் இருந்த கிளிப் பொம்மை கொஞ்சம் ஆடியது, அவ்வளவுதான். முளைப்பாரி சுமந்து வந்த பெண்கள்தான் முதலில் குலவையிட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் ஜீப்பில் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார். ஏட்டைக் கூப்பிட்டு, அந்த வாளுக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, லைசென்ஸ்காரர் கையில்தான் வாள் இருக்கிறது என்றார் செம்மலை.

மறுநாள் காலையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஏட்டு சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். பேர் மாற்றுவதற்கு மனு எழுதித் தந்தால் தானே சிபாரிசு செய்து அனுப்புவதாகச் சொன்னார். அடுத்த நிகழ்ச்சி குன்றக்குடியில், அதற்குள் கிடைக்காவிட்டாலும் ஆடிக்குள் வந்துவிடும், பழையபடி ஆடலாம் என்றார். குழந்தைவேலு உடனே, நல்லது, எழுதிவிடலாம் என்று பையில் காகிதம் தேடினார்.

சேவுகன் சேலையில் சுற்றிய வாளை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் பார்வை அவள் விரல்களிலேயே இருந்தது. பொன்னுத்தாயி அதைப் பார்த்தாள்.

"பயந்துட்டீகளா?"

"ஆமா" என்றான். பிறகு கேட்டான்: "நீ இத்தனை வருஷமும் இப்படித்தான் பயந்தியா புள்ள?"

"மொத வருஷம் மட்டும். அசைய மாட்டீகன்னு தெரிஞ்ச பெறகு இல்ல."

அவன் கையை எடுத்து வாளின் பிடியில் வைத்தாள். ஏட்டு இன்னும் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார்.

"வேணாம் ஏட்டையா" என்றாள். "அவுக பேருலயே இருக்கட்டும். அப்பத்தான வாள் போற ஊருக்கெல்லாம் அவுகளும் வரணும்."

குழந்தைவேலு காகிதத்தைத் திரும்பப் பையில் வைத்தார். பஸ் வந்தது. சேவுகன் முதலில் ஏறி, வாளை இரண்டு முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொண்டு, பக்கத்தில் அவளுக்கு இடம் பிடித்தான்.