தனியாகக் கிடந்த கல்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு கல்லிலிருந்து வந்தது. அது என் கைக்கு வந்த விதத்தைப் பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் மேற்கொண்டு படிக்க மாட்டீர்கள்.

தெரியாதவர்களுக்கு: சிறுவாபுரி முருகன் கோயிலுக்கு ஆறு செவ்வாய்க்கிழமை விடாமல் போனால் சொந்த வீடு அமையும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நடுவில் ஒரு வாரம் தவறினால் மறுபடி முதலிலிருந்து. போகிறவர்கள் அங்கே கிடக்கும் கற்களை அடுக்கிச் சின்னதாக ஒரு வீடு கட்டிவிட்டு வருவார்கள். (எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஐந்து செவ்வாய் போயிருந்தேன். வாடகை வீட்டில் இருப்பவனுக்கு எதற்கு வீம்பு?)

2

தொடக்கத்தை இரண்டு முறை எழுதினேன்.

‘பொழுது புலரும் வேளையில் கோபுரத்தின் மேல்—’ வேண்டாம். மே மாதம், பதினோரு மணி, வெயில் மண்டையைப் பிளந்தது.

‘முரளி, தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை பார்ப்பவன். ஆறு வாரமும் நைட் ஷிஃப்ட் கேட்டு வாங்கி, தூங்காமலே மனைவி ரோஜாவையும் எட்டாவது முடித்த மகள் தேவதர்ஷினியையும் பைக்கில் கூட்டிவந்தான்.’ இது நடந்தது. இதையே வைத்துக்கொள்வோம். எனக்கும் அது ஆறாவது செவ்வாய்.

3

மூவரும் கல்வீட்டை அடுக்கிவிட்டுக் கற்பூரம் ஏற்றப் போனார்கள். திரும்பி வந்த ரோஜா அப்படியே நின்றுவிட்டாள்.

“இங்க ஒரு கல்லு வெச்சேனே, எங்க?”

“ஊடு அப்டியே தானே கீது? வா, தூக்கம் சொக்குது,” என்றான் முரளி.

“ஊட்டுக்குப் பக்கத்துல தனியா வெச்சேங்க. தட்டக் கல்லு.”

பக்கத்திலேயே என் கல்வீட்டை அடுக்கிக்கொண்டிருந்த நான் கேட்டேன்: “அது என்னம்மா, தனியா ஒரு கல்?”

(இந்த இடத்தில் அவளுக்காக ஒரு பதில் யோசித்து வைத்திருந்தேன். பூஜை அறை. இல்லையென்றால், செத்துப்போன தாயின் நினைவு. எழுத்தாளன் புத்தி.)

“பாத்ரூமு சார்.”

தேவதர்ஷினி “ம்மா!” என்று அவள் கையை இழுத்தாள்.

“இன்னாத்துக்கு வெக்கம்? எட்டுக் குடித்தனத்துக்கு ஒண்ணே ஒண்ணு சார். தாப்பா கெடையாது. வயசுக்கு வந்த பொண்ணு. அவ குளிக்கசொல்லோ நான் வெளிய கதவப் புட்ச்சிக்கினு நிக்கணும். நான் வேலைக்குப் போற அன்னிக்கு அவ குளிக்கறதே இல்ல. ஊடு சின்னதா இருந்தாலும் பரவால்ல முருகா, அத மட்டும் தாப்பாவோட குடுன்னு தான் ஆறு வாரமா கேட்டுக்கினு கீறேன்.”

4

கல்லை எடுத்தவன் நான்.

என் வீட்டுக்குக் கூரை சரியாக உட்காரவில்லை. அனாமத்தாகத்தானே கிடக்கிறது என்று எடுத்து வைத்துவிட்டேன்.

முடிவு அ: எடுத்துக் கொடுத்தேன். ரோஜா சிரித்தாள். (அடித்துவிட்டேன். எழுதும்போதே கை கூசியது.)

முடிவு ஆ: முருகனே— (இதுவும் வேண்டாம். அவர் இதில் தலையிடவில்லை.)

நடந்தது: நான் வாயைத் திறக்கவில்லை. தேவதர்ஷினி என் கூரையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். குனிந்து ஏதோ ஒரு சின்னக் கல்லைப் பொறுக்கி அம்மாவிடம் கொடுத்தாள்.

“இத வெச்சிக்கலாம்மா.”

“இது தட்டையா இல்லியே பாப்பா.”

“பரவால்லம்மா. வா.”

பைக் கிளம்பிப் போயிற்று.

5

நான்கு வருடம் ஆகிறது. இதை எழுதுவது கும்மிடிப்பூண்டியில், என் சொந்த வீட்டில். இரண்டு பாத்ரூம். இரண்டுக்கும் தாழ்ப்பாள் உண்டு. (பேங்க் லோன்தான். நம்பிக்கை இப்போதும் கிடையாது. ஆனால் குளிக்கப் போய்த் தாழ்ப்பாள் போடும்போதெல்லாம் வெட்கமாக இருக்கிறது.)

இந்த மாதிரிக் கதைகளில் முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது வழக்கம். மன்னிக்க வேண்டும் வாசகரே, இதன் முடிவு உங்களுக்கு இல்லை.

தேவதர்ஷினி, நீ இப்போது ப்ளஸ் டூ முடித்திருப்பாய். உன் அப்பா, அம்மா பெயர்களை மாற்றிவிட்டேன். நீ கண்டுகொள்ள வேண்டும் என்று உன் பெயரை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன். அம்மா இன்னமும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளா? அன்றைக்கு நீ ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை? பாத்ரூம் பேச்சு மறுபடி எழக் கூடாதென்றா? இல்லை, அந்தக் கல்லை உருவினால் என் வீடு விழுந்துவிடும் என்றா?

கீழே இடம் விட்டிருக்கிறேன். நீ எழுது.

6