மிஞ்சின பரோட்டா

எரிச்சல் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள். டாக்டர் சீட்டு எழுதியது கனகலட்சுமிக்கு. இளைத்தது அவள் புருஷன்.

மூன்றே மாதத்தில் ஜெயபாண்டிக்கு ஏழு கிலோ குறைந்தது. பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே போனது. மாமியார் ஒச்சாயி முழங்கால் வீக்கம் வற்றி, அழகர்கோவிலுக்குப் போய் ஒருவர் கையையும் பிடிக்காமல் சாமி கும்பிட்டுவிட்டு வந்தாள். கொழுந்தன் அழகுபாண்டிக்கு முகப்பரு மறைந்தது. பயல் ஜிம் கண்ணாடி முன்னால் நின்று போட்டோ எடுத்து, நாளுக்கொரு ஸ்டேட்டஸ் வைத்தான். சீட்டுக்குச் சொந்தக்காரி கனகலட்சுமிக்கோ விரல்கள் முன்னைவிடத் தடித்துப்போயின. காலையில் எழுந்தால் கை மடங்காது. பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத்தான் கிழிப்பாள்.

கை மட்டும் என்றால் பொறுத்துக்கொண்டிருப்பாள். மனசும் சேர்ந்து படுத்துவிட்டது. போன மாசியில் ஒரு நாள் துணி துவைக்கத் தோட்டத்துக் கிணற்றுக்குப் போனவள், ஒரு துணியைக்கூட நனைக்காமல், கிணற்றுக்குள்ளேயே பார்த்தபடி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் காட்டு மாயக்காள்தான் பார்த்துவிட்டு, ஓடிவந்து கையைப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து சேர்த்தாள். அதற்குப் பிறகுதான் ஜெயபாண்டிக்குப் பயம் வந்தது. செக்கானூரணியில் பஸ் ஏற்றி மதுரைக்குக் கூட்டிப்போய், அண்ணா நகரில் ஒரு ஆஸ்பத்திரியில் காட்டினான்.

டாக்டரம்மா மூட்டுக்குத் தனி மாத்திரை, மனசுக்குத் தனி மாத்திரை எழுதினார். "இது ரெண்டும் ஒண்ணையொண்ணு தூண்டி விடும்மா. வீக்கம் கூடுனா மனசு சோந்துபோகும். மனசு சோந்தா வலி கூடும். மாத்திரைய எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது. கூடவே சாப்பாட்டையும் மாத்துங்க" என்று சொல்லிப் பக்கத்து அறைக்கு அனுப்பினார். அங்கே பாண்டிமீனா என்ற பெண், எந்த நோய்க்கு எதைச் சாப்பிட வேண்டும் என்று சொல்வதே வேலையாக உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் நிறைய எழுதிக் கொடுத்தாள். மைதா வேண்டாம், சீனி வேண்டாம், பொரித்தது வேண்டாம். கம்பு, கேழ்வரகு, கீரை, பயறு, கொய்யா, வாரத்துக்கு மூன்று நாள் மத்தி மீன். தினமும் சாப்பிட்டதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வரச் சொன்னாள்.

கனகலட்சுமி ஒன்றுகூட விடாமல் செய்தாள். விரல் வலிக்க வலிக்கக் கம்பு புடைத்தாள், கீரை ஆய்ந்தாள். மீன்காரி தங்கப்பொண்ணு வண்டி தெருவுக்குள் நுழையும்போதே வாசலில் சட்டியோடு நின்றாள். ஆனால் அந்த வீட்டில் ஒரு முறை இருந்தது. ஆண்கள் முதலில் சாப்பிடுவார்கள், அப்புறம் மாமியார், கடைசியில் மருமகள். யாரும் போட்ட சட்டமில்லை, யாரும் மீறியதும் இல்லை.

"என்ன, மருந்துச் சாப்பாடா? நமக்கும் கொஞ்சம் வையி" என்று முதல் நாள் ஜெயபாண்டி உட்கார்ந்தான். மறுநாள் அந்தக் கொஞ்சம் நிறையவானது. அரைக்கிலோ வாங்கினால் பத்து மத்தி நிற்கும். புருஷனுக்கு நாலு, கொழுந்தனுக்கு நாலு, மாமியாருக்கு ரெண்டு. கணக்கு அத்தோடு முடிந்துவிடும்.

அப்படியானால் அவள் என்னத்தைத் தின்றாள் என்று கேட்கிறீர்களா? அங்கேதான் இருக்கிறது கூத்து. ஜெயபாண்டிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பரோட்டாக் கடை. ராத்திரி விற்காத பரோட்டாவெல்லாம் பையில் கட்டி வீட்டுக்கு வரும். ஊருக்கு மைதாவை விற்கிறவன் வீட்டில் உட்கார்ந்து கம்பஞ்சோறும் மீனும் சாப்பிட்டான். சீக்காளிக்கு நேற்றைய பரோட்டா.

"ஏத்தா கனகு, அந்தப் பரோட்டா வீணாப் போகுது பாரு. நீ தின்னு முடிச்சிரு" என்பாள் ஒச்சாயி, மீன் முள்ளைத் தட்டோரம் ஒதுக்கிவிட்டு. தினமும் இதே பேச்சுதான்.

வாய்விட்டுக் கேட்க வேண்டியதுதானே என்பீர்கள். ஒரு தடவை இரண்டு மீனை டப்பாவில் எடுத்து அலமாரிக்குள் வைத்தாள். ஒச்சாயி அதைக் கண்டுபிடித்து, "ஒளிச்சு வச்சுத் திங்கிறாத்தா எம்மருமக" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு அப்புறம் கனகலட்சுமி டப்பாவைத் தொடவில்லை.

நோட்டில் மட்டும் தவறாமல் எழுதினாள். திங்கள், கம்பஞ்சோறு, முருங்கைக்கீரை. செவ்வாய், மத்திக் குழம்பு. தான் பொய் எழுதுவதாக அவளுக்குத் தோன்றவே இல்லை. இத்தனை வருஷமாகச் சாப்பாட்டைப் பற்றி யார் கேட்டாலும் சமைத்ததைச் சொல்லித்தான் பழக்கம். தன் தட்டில் என்ன இருந்தது என்று அவளை யாரும் கேட்டதில்லை.

மூன்று மாதம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வீக்கம் ஏறித்தான் இருந்தது. டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினார். "சாப்பாட்டுல என்ன பண்ணுறீங்கம்மா?" என்றார்.

கனகலட்சுமி வாயைத் திறக்குமுன் ஜெயபாண்டி முந்திக்கொண்டான். "அவளுக்கு வாயக் கட்ட முடியல டாக்டர். வீட்டுல நாங்க அம்புட்டுப் பேரும் அந்தச் சாப்பாடுதான் சாப்பிடுறோம். நானே ஏழு கிலோ கொறஞ்சுட்டேன், பாருங்க. இவ கடப் பரோட்டாவத் தேடித் தேடித் திங்கிறா."

தேடித் திங்கிறாளாம்! கூசாமல் சொன்னான். சொல்லிவிட்டு, வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் இன்னொன்றும் சொன்னான். "அடுத்த மாசமும் இப்பிடியே வந்துச்சுன்னா ஆஸ்பத்திரியும் வேணாம், மனசு மாத்திரையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். கொண்டுபோயி ஒங்கம்மா வீட்டுல விட்டுருவேன். அவுக பாத்துக்கிரட்டும்."

அந்த மாத்திரைதான் கிணற்றுப் பக்கம் போகாமல் அவளை இத்தனை நாள் பிடித்து வைத்திருந்தது. அது அவளுக்குத் தெரியும். அதையும் பிடுங்கப் போகிறேன் என்கிறான் இவன்.

பாண்டிமீனா அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டாள். நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். எழுத்தில் ஒரு குறையும் இல்லை. "அக்கா, செவ்வாக்கெழம மத்திக் கொழம்புன்னு எழுதியிருக்கீங்க. ஒங்க தட்டுல எத்தன மீனு விழுந்துச்சு?"

கனகலட்சுமி தரையைப் பார்த்தாள். "கொழம்பு ஊத்திக்கிட்டேன்."

"எதுக்கு ஊத்திக்கிட்டீங்க?"

"பரோட்டாவுக்கு."

பாண்டிமீனா பேனாவை மூடி மேசையில் வைத்தாள். அப்புறம், "ஒங்க வீட்டுக்காரர உள்ள கூப்பிடட்டாக்கா? நான் பேசுறேன்" என்றாள்.

"வேணாம்மா. நானே பேசிக்கிறேன்" என்றாள் கனகலட்சுமி.

பஸ்ஸில் வரும்போது ஜெயபாண்டி தூங்கிப்போனான். அவள் தூங்கவில்லை. எத்தனையோ மாதமாக நல்லதும் ஏறாமல் கெட்டதும் ஏறாமல் மரத்துக்கிடந்த மனசில் அன்று கோபம் ஏறியது. காது சூடாகிற அளவுக்கு ஏறியது. தேடித் தேடித் திங்கிறா. நாகமலை தாண்டியும் அந்தச் சொல் அடங்கவில்லை. தனக்கு இன்னும் கோபம் வருகிறது என்பதே அவளுக்குப் பெரிய தெம்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தங்கப்பொண்ணிடம் அரைக்கிலோ மத்தி வாங்கினாள். எண்ணிப் பார்த்தாள், பத்து. மிளகு தூக்கலாகப் போட்டுக் குழம்பு வைத்தாள். முருங்கைக்கீரையைப் பாசிப்பயறு சேர்த்து வதக்கினாள். கம்பஞ்சோறு கிண்டி இறக்கினாள். பன்னிரண்டரை மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டு, ஜெயபாண்டியின் அகலத் தட்டை எடுத்துக் கழுவினாள். சோறு, கீரை, நாலு மத்தி. கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே, அவன் உட்காருகிற இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

ஒச்சாயி பார்த்துவிட்டு மார்பில் கை வைத்தாள். "ஏ... என்னாடி இது? ஆம்பளக இன்னும் கை நனைக்கல, நீ பாட்டுக்கு ஒக்காந்துட்ட?"

"பசிக்கிது அத்த."

"எனக்கெல்லாம் பசிக்கலையாக்கும்? முப்பது வருசம் சட்டிய வழிச்சுத்தாண்டி தின்னேன் நானு!"

"அதான் ஒங்களுக்கு முழங்காலு வீங்குச்சு. இப்ப எதுல வத்துச்சு? என் சோத்தத் தின்னுதான வத்துச்சு?" என்றாள் கனகலட்சுமி. மீனின் முள்ளை எடுத்துக்கொண்டேதான் சொன்னாள்.

சத்தம் கேட்டு அழகுபாண்டி செல்போனும் கையுமாக வந்து நின்றான். தலையைத் துவட்டியபடி ஜெயபாண்டி வந்தான். தன் தட்டைப் பார்த்தான், தன் இடத்தைப் பார்த்தான். "ஏய், எந்திரிடி. கிறுக்கு கூடிப்போச்சா ஒனக்கு?"

"கிறுக்குத்தான். கிறுக்குக்குத்தான் டாக்டரு மீனு திங்கச் சொன்னாரு. நீங்க எதுக்குத் தின்னீங்க?"

"மதினி..." என்று இழுத்தான் அழகுபாண்டி.

"நீ பேசாத தம்பி. ஒம் மூஞ்சில பளபளப்பு எங்கிட்டுருந்து வந்துச்சுன்னு ஸ்டேட்டஸ்ல போடு, போ." அவன் செல்போனை டவுசர் பைக்குள் திணித்தான். கனகலட்சுமி புருஷன் பக்கம் திரும்பினாள். "டாக்டருகிட்ட என்னா சொன்னீங்க? தேடித் தேடித் திங்கிறேன்னா? மூணு மாசமா தெனமும் பாத்தீங்களே, என் தட்டுல என்னா கெடக்குதுன்னு. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, ஒனக்கு இருக்காடின்னு கேட்டீங்களா?"

ஜெயபாண்டி துண்டைத் தோளில் போட்டான்.

"அன்னைக்கு மாயக்கா மட்டும் வரலேன்னா நான் அந்தக் கெணத்துல கெடந்திருப்பேன். பதினாறாம் நாளு என் போட்டோவுக்கு முன்னாடி எல வச்சிருப்பீங்க. அதுல என்னாத்த வச்சிருப்பீங்க? பரோட்டாவத்தான வச்சிருப்பீங்க? இவளுக்கு இதுன்னா உசுருன்னு ஊருக்குச் சொல்லி, கண்ணத் தொடச்சிக்கிட்டே படச்சிருப்பீங்க!"

ஒச்சாயி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். ஜெயபாண்டி எதையாவது செய்தாக வேண்டும் என்பதுபோல் அடுப்படிக்குள் போனான். சட்டி மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது.

"ஆறுதான் கெடக்கு" என்றான் உள்ளேயிருந்து. குரலில் பழைய அதட்டல் இல்லை. "ஆளுக்கு ரெண்டுன்னா எப்பிடிப் பத்தும்?"

கனகலட்சுமி நாலாவது மீனையும் முள் எடுத்துத் தின்று முடித்தாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, இரண்டு மாத்திரையையும் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

"அடுத்த மாசம் ஆஸ்பத்திரிக்கு நானே பஸ் ஏறிப் போய்க்கிறேன். நீங்க வர வேணாம். மாத்திரைய நிறுத்துறது நிறுத்தாதது டாக்டரம்மா சொல்லட்டும்" என்றாள். பிறகு ஆணியில் தொங்கிய பையைக் கண்ணால் காட்டினாள். "மீனு பத்தலேன்னா அதுல நேத்துப் பரோட்டா அஞ்சு கெடக்கு. வீணாப் போகுது. தின்னு முடிச்சிருங்க."

நோட்டை எடுத்துக்கொண்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தாள். விரல் வலித்ததால் விட்டு விட்டுத்தான் எழுத முடிந்தது. ஞாயிறு, மத்தியானம் பன்னிரண்டரை. கம்பஞ்சோறு, கீரை. மத்தி நாலு. என் தட்டில்.