சொல்லியாச்சு

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்குச் சுதர்ஷினி நனைந்த குடையை மடக்கிக்கொண்டு படியேறும்போதே மேலிருந்து குணபூசணி மிஸ்ஸின் குரல் கேட்டது.

"பிள்ளை, கெதியா வாரும். ஏழு மணிக்கு ஓட்டிப் பாத்தனான். பாதியில நிண்டு போச்சு."

இது நடக்கும் என்று சுதர்ஷினிக்குத் தெரியும். ஆனால் இந்த வாரம் நடக்காது என்று நம்பியிருந்தாள்.

ஹட்டன் பஸாரில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேலே இரண்டு அறைகள். மண்சரிவு வரக்கூடிய தேயிலைத் தோட்டங்களுக்கு முன்கூட்டியே செய்தி அனுப்பும் சிறிய அமைப்பு அது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இந்தப் பக்கத்துப் பாடசாலைகளில் முப்பது வருடம் படிப்பித்து ஓய்வுபெற்ற குணபூசணிதான் பொறுப்பு. கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து கம்ப்யூட்டர் படித்த சுதர்ஷினி அங்கே மூன்று வருடமாக வேலை பார்க்கிறாள். நாற்பத்தொரு இடங்களில் மழைமானிகள் இருந்தன. ஒவ்வொரு இடத்திலும், லயம் எனப்படும் தொழிலாளர் வரிசைவீடுகளில் இருக்கும் ஓரிருவரின் தொலைபேசி எண்கள் பதிவாகியிருந்தன. மழை அளவு மீறினால் அவர்களுக்கு மெசேஜ் போகும். அவர்கள் மற்றவர்களைக் கிளப்பிக்கொண்டு பாடசாலைக்கோ கோயிலுக்கோ போக வேண்டும்.

இத்தனையையும் ஒரே ஒரு கட்டளை செய்தது. திரையில் 'மழை' என்று தட்டினால் போதும். மானிகளைப் படிக்கும், எங்கே ஆபத்து என்று தீர்மானிக்கும், எண்களைத் தேடும், தமிழிலும் சிங்களத்திலும் மெசேஜ் எழுதும், அனுப்பும், கடைசியில் மாவட்ட அலுவலகத்துக்கு அறிக்கையும் அடிக்கும். அவளுக்கு முன்பு அங்கே இருந்த செந்தூரன் எழுதியது. மூவாயிரத்து அறுநூறு வரி, ஒரே கோப்பு. எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி ஒரு நாரை இழுத்தால் மறுபக்கம் அசையும்.

போன ஐப்பசியில் ஒரு மானி வெற்று அளவை அனுப்பியது. கட்டளை அந்த இடத்திலேயே செத்துவிட்டது. மிச்சம் இருபத்துமூன்று மானிகளை யாரும் படிக்கவில்லை. அன்று பெரிய மழை இல்லாததால் தப்பினார்கள். அதிலிருந்து சுதர்ஷினி கேட்டுக்கொண்டே இருந்தாள். இதைப் பிரிக்க வேண்டும், படிப்பது தனி, தீர்மானிப்பது தனி, அனுப்புவது தனி, ஒன்று விழுந்தாலும் மற்றது நிற்க வேண்டும் என்று. ஓடிக்கொண்டிருப்பதை ஏன் தொட வேண்டும் என்று குணபூசணி மூன்று மாதம் தயங்கினார். பிறகு, இரண்டு வாரத்துக்கு மழை இல்லை என்று வானிலை அறிக்கை சொன்னதும் சம்மதித்தார்.

அந்த இரண்டு வாரத்தில் இன்று ஒன்பதாவது நாள். நேற்று மத்தியானம் பிடித்த மழை இன்னும் விடவில்லை.

"பழசைத்தானே மிஸ் ஓட்டுனீங்க?"

"ஓம். பழசைத்தான். உம்மட புதுசை எனக்கு ஓட்டத் தெரியாதே."

சுதர்ஷினி ஈரச் செருப்போடு உட்கார்ந்து பார்த்தாள். மின்சாரம் போன மலைகளில் டவர்கள் செத்துப் பத்து மானிகள் வெறுமையாக இருந்தன. பழைய கட்டளை அதில் முதலாவதிலேயே இடறி நின்றிருந்தது. வெற்று அளவுக்குப் பதில் பூச்சியம் போட்டு ஓட்டலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். அவளுடைய கைகள் தாமாகவே நின்றன. பழைய கட்டளை பக்கத்து மானிகளின் சராசரியைப் பார்த்துத்தான் தீர்மானிக்கும். பூச்சியம் போட்டால் கொட்டுகிற மழையிலும் ஆபத்து இல்லை என்று சொல்லிவிடும்.

"பழசு ஒதவாது மிஸ். புதுசுல படிக்கிறதும் தீர்மானிக்கிறதும் முடிஞ்சிருச்சு. அனுப்புறது மட்டும் இன்னும் பழசுக்குள்ளயே கெடக்கு."

"அனுப்பாமல் மற்றதை வச்சு என்ன செய்யிறது?"

அந்தக் கேள்விக்குச் சுதர்ஷினியிடம் பதில் இருந்தது. தீர்மானிக்கும் பகுதியை மட்டும் ஓட்டினாள். வெறுமையாக இருந்த இடங்களுக்குக் கிட்டத்து மானிகளில் மிகக் கூடிய அளவை எடுத்துக்கொண்டு, அது உடனே பத்தொன்பது இடங்களின் பட்டியலைக் கொடுத்தது. முன்பென்றால் இதைக் கூடத் தனியாக எடுக்க முடியாது.

குணபூசணி பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு தொலைபேசியில் உட்கார்ந்தார். பத்து தரம் அழைத்தால் இரண்டு தரம் மணி அடித்தது. மணி அடித்தாலும் குரல் உடைந்து உடைந்து போனது. "கேக்குதே? லயத்தை விட்டு வெளிக்கிடுங்கோ! வெளிக்கிடுங்கோ!" என்று அவர் கத்துவது அடுத்த அறைக்குக் கேட்டது. மெசேஜ் என்றால் டவர் ஒரு நிமிடம் உயிர்பிடித்தாலும் போய்ச் சேர்ந்துவிடும். குரல் அப்படியல்ல.

சுதர்ஷினி அனுப்பும் பகுதியைப் பிடுங்கத் தொடங்கினாள்.

எண்ணூறு வரி. அதற்குள் அறிக்கை அடிக்கிற வேலையும் கலந்திருந்தது. ஊர்ப் பெயர் ஓரிடத்தில், மொழி இன்னோரிடத்தில், எண்கள் எங்கோ மேலே ஆயிரத்து முந்நூறாவது வரியில். ஒன்றை வெட்டி எடுத்தால் நான்கு இடத்தில் சிவப்புக் கோடு விழுந்தது. பதறாதே, பதறாதே என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஆனால் பதறினாள். பதினொன்றரைக்குத் தவறான கோப்பின்மேல் சேமித்துவிட்டு அரை மணி நேர வேலையைத் தொலைத்தாள். கூரைத் தகரத்தில் மழை விழுந்த சத்தத்தில் அவள் மேசையைக் குத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

பன்னிரண்டேமுக்காலுக்குத் தன் சொந்த எண்ணுக்கு ஒரு மெசேஜ் அனுப்பிப் பார்த்தாள். வந்தது. ஊர்ப் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அந்தப் பெயர் எங்கிருந்து வருகிறதென்று எவ்வளவு தேடியும் அகப்படவில்லை. கடைசியில் கொழும்பில் வேறு வேலையில் இருந்த செந்தூரனையே அழைத்தாள். ஆறாவது முறை கிடைத்தான்.

"அது நான் நாலு வருசத்துக்கு முன்னம் எழுதினது, சுதர்ஷினி. எல்லாம் ஞாபகம் இல்லை. பேர் வாசிக்கிற பகுதியிலதான் நிரம்பும். அங்க பாரும்." பிறகு கேட்டான். "அந்தச் 'சொல்லியாச்சு' விசயம் கவனிச்சனீரோ?"

"என்ன விசயம்ணே?"

"ஒருக்கா ஒரே ஆளுக்கு இருநூறு மெசேஜ் போயிட்டுது. சனம் ஏசினது. அதுக்காக ஒரு இடத்துக்கு அனுப்பினால் 'சொல்லியாச்சு' எண்டு குறிச்சு வைப்பன். பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு அந்த இடத்தைப் பட்டியல்லயே சேர்க்காது."

"அனுப்புனதுக்கு அப்புறந்தானே குறிக்கும்?"

மழை இரைச்சலில் அவள் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இல்லை," என்றான் செந்தூரன். குரல் இறங்கியிருந்தது. "வாசிக்கேக்கயே குறிக்கும். எல்லாம் வாசிச்சு முடியத்தான் அனுப்பும். நடுவில நிண்டால்..."

அவன் முடிப்பதற்குள் அவள் அந்தக் குறிப்புகள் இருந்த கோப்பைத் திறந்துவிட்டாள். எட்டு இடங்களின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காலை ஏழு மணி நான்கு நிமிடம். குணபூசணி பழைய கட்டளையை ஓட்டிய நேரம். எட்டு இடத்துக்கும் சொல்லியாச்சு என்று எழுதிவிட்டு, ஒருவருக்கும் சொல்லாமல் அது செத்திருந்தது.

இன்னும் மோசமான ஒன்று அவளுக்கு மெல்ல விளங்கியது. தீர்மானிக்கும் பகுதியைப் பிரித்தபோது அந்தச் 'சொல்லியாச்சு' சோதனையையும் அப்படியே வெட்டிக்கொண்டு வந்தது அவள்தான். ஏன் இருக்கிறது என்று கேட்கவில்லை. பத்தொன்பது என்று அவள் கொடுத்த பட்டியல் உண்மையில் இருபத்தேழு. காலையிலிருந்து அந்த எட்டு இடங்களுக்கு யாரும் ஒரு அழைப்புக்கூட எடுக்கவில்லை.

"மிஸ்!" என்று கத்தினாள். குணபூசணி ஓடி வந்து, திரையைப் பார்த்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அந்த எட்டுப் பெயர்களையும் தன் உள்ளங்கையிலேயே பேனாவால் எழுதிக்கொண்டு திரும்பிப் போனார்.

ஒன்றரைக்கு அனுப்பும் பகுதி தனியாக நின்றது. எண்களையும் வாசகத்தையும் கொடுத்தால் அனுப்பும், போய்ச் சேர்ந்ததா என்று சொல்லும், சேர்ந்த பிறகே குறிக்கும். வேறெதுவும் அதற்குத் தெரியாது. இருபத்தேழு இடங்களையும் கொடுத்தாள். ஒவ்வொன்றாகப் பச்சையானது. விடுபட்ட எட்டில் ஏழு போய்ச் சேர்ந்தன. பூண்டுலோயாவுக்கு மேலே இருந்த ஒரு தோட்டத்தின் மேற்பிரிவு மட்டும் சிவப்பாகவே இருந்தது. அங்கே பதிவாகியிருந்த ஒரே எண் மீனம்மாவுடையது.

சுதர்ஷினிக்கு அந்த அம்மாவை நன்றாகத் தெரியும். கொழுந்து பறிக்கிறவர். போன வருடம் லயத்து ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போனபோது, சும்மா சும்மா கிளம்பிப் போய்ச் சலித்துவிட்டதாக எல்லோரும் குறைப்பட்டார்கள். அப்போது சுதர்ஷினி மீனம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னாள். "மெசேஜ் வந்தா கெளம்புங்க. வரலேன்னா பயப்படாம இருங்க. நாங்க பாத்துக்கிட்டுத்தான் இருப்போம்."

இன்றைய மழைக்குக் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டிலேயே வேலை இல்லையென்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். லயம் முழுக்க ஆட்கள் அவரவர் காம்பிரா அறைக்குள் இருப்பார்கள்.

மூன்று தரம் அனுப்பினாள். சிவப்பு. அழைத்தாள். மணியே போகவில்லை. அந்த டவர் செத்திருக்க வேண்டும். அப்படியென்றால் கீழே, ரோட்டுப் பக்கம் இன்னொரு டவர் இருக்கும். கீழே யார் இருக்கிறார்கள்? தை மாதம் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாடக் கொப்பி கொடுத்தபோது பெற்றோரின் எண்களைக் குறித்த பட்டியல் நினைவுக்கு வந்தது. பழைய கட்டளைக்கு மானி இல்லாமல் யாருக்கும் எதுவும் அனுப்பத் தெரியாது. புதிதுக்கு எண் இருந்தால் போதும். கொப்பிப் பட்டியலை அப்படியே அதன் வாயில் போட்டாள். 'மேற்பிரிவு லயத்துக்கு ஆபத்து. செய்தி போகவில்லை. யாராவது ஏறிப் போய்ச் சொல்லுங்கள். உடனே.' நூற்றுப்பன்னிரண்டு எண்கள். முப்பத்துநான்கு பச்சை.

பகல் இரண்டு மணி தாண்டியதும் ஓர் அழைப்பு வந்தது. "நான் இராமையா, ஆட்டோ ஓட்டுறேன். மெசேஜப் பாத்தேங்க. ஆட்டோ ஏறாது, நடந்தே போய்க்கிட்டிருக்கேன். பாதித் தூரம் வந்துட்டேன். சொன்னா கெளம்புவாங்களா?"

"மீனம்மாகிட்ட சொல்லுங்க. சுதர்ஷினி சொன்னதா சொல்லுங்க. சாமான் ஒண்ணும் எடுக்க வேணாம்ணே, ஆள் மட்டும்."

அதற்குப் பிறகு ஒன்றும் தெரியவில்லை. குணபூசணியும் அவளும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, ஆளுக்கொரு தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்ற இடங்களிலிருந்து ஒவ்வொன்றாகப் பதில் வந்தது. கோயிலுக்குப் போய்விட்டோம், பாடசாலையில் இருக்கிறோம். சுதர்ஷினி ஒவ்வொன்றையும் படித்தாள். எதுவும் மனதில் தங்கவில்லை.

நான்கேகாலுக்கு இராமையா மறுபடி அழைத்தார். மூச்சு வாங்கியது.

"லயத்துல பாதி மண்ணுக்குள்ள போயிருச்சுங்க. அம்பத்தி மூணு பேர எறக்கிட்டோம். ஒருத்தரு... மீனம்மா வூட்டுக்காரரு, வீரய்யா அண்ணன். எங்களோடதான் எறங்குனாரு. மாட்டக் கட்டிப் போட்டது கட்டிப் போட்டபடி இருக்கு, அவுத்து விட்டுட்டு வாறேன்னு திரும்பி ஏறுனாரு. கூப்பிட்டேங்க. கேக்கல."

ஞாயிற்றுக்கிழமை மண்ணை வெட்டி ரோட்டைத் திறந்ததும் சுதர்ஷினி போனாள். குணபூசணி வேண்டாம் என்றுதான் சொன்னார். "நான் போறன். பொறுப்பு என்னுடையது." சுதர்ஷினி கேட்கவில்லை.

பாடசாலை வகுப்பறையில் பிள்ளைகள் உட்காரும் வாங்குகளை ஓரமாக ஒதுக்கிப் பாய் விரித்திருந்தார்கள். மீனம்மா சுவரோரம் உட்கார்ந்து யாரோ கொடுத்த துணிகளைச் சின்னது பெரியது என்று பிரித்துக்கொண்டிருந்தார். முந்திய நாள் மாலைதான் வீரய்யாவை மண்ணிலிருந்து எடுத்து அடக்கம் செய்திருந்தார்கள்.

சுதர்ஷினி எதிரே உட்கார்ந்தாள்.

"மெசேஜ் வரல புள்ள," என்றார் மீனம்மா, தலை நிமிராமல். "காலையில டவர் இருந்திச்சு. பத்து மணி வரைக்கும் இருந்திச்சு. நான் போனக் கையிலயே வச்சிருந்தேன். அவரு கேட்டாரு, போவமான்னு. வரலியேன்னு நாந்தான் சொன்னேன்."

டவரைக் குற்றம் சொல்லியிருக்கலாம். மழையைச் சொல்லியிருக்கலாம். மீனம்மா அதை நம்பியும் இருப்பார்.

"எங்க பிழை," என்றாள் சுதர்ஷினி. "ஒங்களுக்குச் சொல்லியாச்சுன்னு கம்ப்யூட்டர் காலையிலயே எழுதிக்கிச்சு. ஆனா அனுப்பவே இல்ல. பழைய கோட்ல இருந்த பிழை. நான் கண்டுபிடிச்சிருக்கணும். கண்டுபிடிக்காம அதையே புதுசுக்கும் எடுத்துக்கிட்டு வந்தேன். மத்தியானந்தான் பாத்தேன்."

மீனம்மாவின் கைகள் நின்றன. ஒரு சின்னப் பிள்ளையின் சட்டை மடியில் கிடந்தது. பக்கத்துப் பாயில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்களுக்கு மட்டுமா?"

"இல்லம்மா. எட்டு எடத்துக்கு."

"மத்த ஏழு எடத்துல?"

"ஒண்ணும் ஆகல."

மீனம்மா அவளையே பார்த்தார். திட்டுவார் என்று சுதர்ஷினி காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

"நல்லது," என்றார் மீனம்மா. பிறகு மடியிலிருந்த சட்டையை எடுத்து உதறி, சின்னதுகள் இருந்த பக்கம் வைத்தார். "என் நம்பர எடுத்துடு புள்ள. இனி என்னால போனப் பாத்துக்கிட்டு உக்கார முடியாது. வேற யாரையாச்சும் போடு."

"சரிம்மா."

"ஒரு ஆளப் போடாத. நாலு பேரப் போடு."

சுதர்ஷினி தலையாட்டினாள். எழுந்து போக அவளுக்கு மனம் வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து, குவியலிலிருந்து ஒரு துணியை எடுத்து மடித்தாள். மீனம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. இருவரும் துணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே மறுபடி தூறத் தொடங்கியதும் அறையில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் கூரையை அண்ணாந்து பார்த்தார்கள்.